பூண்டும் புல்பூண்டும்: பழனி மலையில் களையும் மருந்துப் பயிரின் தரமும்

தமிழில் ‘பூண்டு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கடையில் கேட்டால் வெள்ளைப்பூண்டு. வயலில் சொன்னால், தண்டு தடிக்காமல் தரையை ஒட்டி வளரும் எந்தச் சிறு செடியும் பூண்டுதான். ‘புல்பூண்டு மண்டிக் கிடக்கிறது’ என்று சொல்லும்போது நம் மனத்தில் இருப்பது களை. ஊன்றி வளர்க்கும் மருந்துப் பயிரும், பிடுங்கி எறியும் களையும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பழனி மலையின் பூண்டுப் பாத்தி ஒன்றில் குனிந்து பார்ப்பவருக்கு அந்தச் சொல் சரியாகவே அமைந்திருப்பதாகத் தோன்றும். அங்கே இரண்டும் ஒரே சாண் மண்ணுக்காக, ஒரே மேகமூட்ட வெளிச்சத்துக்காக மல்லுக்கட்டிக் கொண்டிருக்கின்றன.

கொடைக்கானலிலிருந்து மேல்மலைக்குப் போகும் சாலையில் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை என்று ஊர்கள் வருகின்றன. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த வயல்களில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் ஆகியவற்றோடு மாறி மாறி வருவது மலைப்பூண்டு. 2019ஆம் ஆண்டு இந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம், மணம், நீண்ட நாள் கெடாமல் இருக்கும் தன்மை ஆகிய மூன்றுமே இதன் பெருமை. இவற்றுக்குக் காரணம் என்ன என்று கேட்டால் மண், உயரம், பனி என்று பதில் வரும். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை ஆகாது. இந்தத் தரத்தில் கணிசமான பங்கு, பூண்டு ஊன்றிய முதல் இரண்டு மாதங்களில் பாத்தியில் உட்கார்ந்து களை எடுக்கும் கைகளால் உருவாகிறது. களை விளைச்சலை மட்டும் குறைப்பதில்லை. எஞ்சியதன் தரத்தையும் மாற்றிவிடுகிறது. அந்த மாற்றம் எந்தெந்த வழிகளில் நடக்கிறது என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கால் பயிர்

ஊன்றி ஒரு மாதம் ஆன பாத்தி எப்படி இருக்கும்? பூண்டு ஒரு சாண் உயரம்கூட வந்திருக்காது. நான்கைந்து இலைகள் ஒல்லியாக, நேராக வானத்தைப் பார்த்து நிற்கும். அவற்றுக்கு இடையே மண் தெரியாத அளவுக்குப் பச்சை விரிந்திருக்கும். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து நகர்ந்துகொண்டே களை எடுப்பார்கள். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே களைக்கொத்து போகும். செடிக்கும் செடிக்கும் நடுவே அதுவும் போகாது. விரல்தான் போக வேண்டும். இடது கை பூண்டின் இலைகளை ஒதுக்கிப் பிடிக்க, வலது கையின் இரண்டு விரல்கள் களையின் கழுத்தைப் பிடித்து, அசைத்து, வேரோடு எடுக்கும். பூண்டின் வேர் ஆட்டம் காணக் கூடாது. எடுத்த களையை மண் உதறி வரப்புக்கு வெளியே கொண்டு போய்ப் போட வேண்டும். மழைக்காலத்தில் அங்கேயே விட்டால், இரண்டு நாளில் அது மறுபடி வேர் பிடித்து நிமிர்ந்துவிடும்.

இவ்வளவு நுணுக்கம் ஏன் தேவைப்படுகிறது என்றால், பூண்டு போட்டிக்கு லாயக்கில்லாத உடலமைப்பு கொண்ட பயிர். அவரை படர்ந்து மூடும். உருளைக்கிழங்கு தன் இலைக்கூரையால் தரையை இருட்டாக்கி, கீழே முளைப்பதைத் தானே அடக்கிவிடும். பூண்டின் இலை ஒரு விரல் அகலம்தான். முழுமையாக வளர்ந்த பிறகும் தரைக்கு வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கும். வேரும் ஆழம் போகாது. பெரும்பகுதி மேல் ஓரடி மண்ணிலேயே தங்கிவிடும். களைகளின் வேரும் அங்கேதான் மேய்கிறது. பூண்டுப் பல் முளைவிட்டு இலை விரிக்க எடுத்துக்கொள்ளும் நாட்களுக்குள், கடுகளவு விதையிலிருந்து வந்த களை நான்கு இலை விட்டு முந்திவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்று ஊன்றினால் ஒரு சதுர மீட்டரில் 66 செடிகள் நிற்கும். ஒரு முழுப்பூண்டு 25 கிராம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 1,650 கிராம் கிடைக்க வேண்டும். களை எடுக்காமல் விட்ட வெங்காயப் பயிரில் 40 முதல் 80 சதவீதம் வரை விளைச்சல் போகிறது என்பது இந்திய வேளாண் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்ட அளவு. அதே குடும்பத்தைச் சேர்ந்த, அதே போல ஒல்லி இலை கொண்ட பூண்டின் நிலையும் ஏறத்தாழ அதுவே. 75 சதவீதம் என்று எடுத்தால், ஒரு சதுர மீட்டரில் மிஞ்சுவது 400 கிராமை ஒட்டித்தான். ‘களை பிடுங்காப் பயிர் கால் பயிர்’ என்பது நம் பழமொழி. அதை மிகைப்பேச்சு என்று நினைத்தவர்கள் உண்டு. பூண்டுப் பாத்தியில் அது கிட்டத்தட்ட அளந்து சொன்ன எண்ணாகவே இருக்கிறது.

எப்போது எடுப்பது

பயிர் வாழும் நாள் முழுதும் களை ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. 1968இல் நியேதோ, பிரோண்டோ, கொன்சாலஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், மெக்சிகோவின் மக்காச்சோள வயல்களிலும் அவரை வயல்களிலும் செய்த சோதனைகளை வைத்து ‘முக்கியப் போட்டிக் காலம்’ என்ற கருத்தைத் தெளிவாக முன்வைத்தார்கள். சில பாத்திகளில் முதல் சில வாரம் மட்டும் களை எடுத்துவிட்டுப் பிறகு விடுவது. வேறு சில பாத்திகளில் முதலில் விட்டுவிட்டுப் பிறகு எடுப்பது. இரண்டு வரிசை முடிவுகளையும் ஒப்பிட்டால், எந்தக் காலத்துக்கு முன்னும் எந்தக் காலத்துக்குப் பின்னும் களை இருந்தால் விளைச்சல் பெரிதாகக் குறையாது என்பது தெரிந்துவிடும். நடுவில் இருப்பதுதான் உழவர் விட்டுக்கொடுக்கக் கூடாத காலம்.

பல பயிர்களுக்கு அது வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு. பூண்டுக்கு அதைவிட நீளம், ஏனென்றால் அது ஒருபோதும் தரையை மூடுவதில்லை. நம் நாட்டுச் சாகுபடிக் குறிப்புகள் ஊன்றிய ஒரு மாதத்தில் முதல் களை, அடுத்த மாதத்தில் இரண்டாம் களை, கிழங்கு திரளத் தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு மண்கிளறல் என்று சொல்கின்றன. நான்கு மாதத்தை ஒட்டிய பயிரில் இது பாதி வாழ்நாளுக்கு மேல் வருகிறது.

முதல் வாரங்களின் போட்டி வெறும் உணவுப் பங்கீடு மட்டுமல்ல. செடிக்குக் கண் இல்லை என்றாலும், தன் மேல் விழும் வெளிச்சத்தின் நிறத்தை அது அளக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அப்பால் உள்ள தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். எனவே பக்கத்தில் வேறொரு செடி வளர்ந்தால், அது நிழல் போடுவதற்கு முன்பே, சிவப்பு குறைந்த ஒரு வெளிச்சம் பயிரின் மேல் படத் தொடங்குகிறது. இங்கிலாந்தின் வெல்ஸ்போர்னில் புரூஸ்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1980களில் வெங்காயத்தை வைத்து இதை ஆராய்ந்தார்கள். தொலைசிவப்பு மிகுந்த வெளிச்சத்தில் வெங்காயம் உரிய காலத்துக்கு முன்பே கிழங்கு திரட்டத் தொடங்குகிறது என்று கண்டார்கள். போதுமான இலை விடுவதற்கு முன்பே கிழங்கு கட்டினால், கிழங்கு சிறுத்துத்தான் போகும். பூண்டு வெங்காயத்தின் நெருங்கிய உறவு. கிழங்கு கட்டும் முறையும் பெரும்பாலும் ஒத்தது. களை மண்டிய பாத்தியில் பொடிப்பூண்டு மிகுவதற்குச் சத்துக் குறைவு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பயிருக்குக் கிடைத்த தவறான சேதியும் ஒரு காரணமாக இருக்கலாம். வெயிலே பாதி நாள் எட்டிப் பார்க்காத மேல்மலையில், மிச்சமிருக்கும் வெளிச்சத்தையும் களை இப்படி மாற்றிவிடுவது பெரிய இழப்பு.

தோல், கழுத்து, காரம்

வடுகபட்டி பூண்டுச் சந்தையில் பூண்டு விலை போவது முதலில் பருமனைப் பார்த்துத்தான். முதல் தரம், நடுத்தரம், பொடி என்று பிரித்தால் விலை இறங்கிக்கொண்டே வரும். மொத்த எடையில் கொஞ்சம் குறைந்தாலும் தரப்பிரிப்பில் நிறையக் குறைந்துவிடும் என்பதால், களையின் பொருளாதாரச் சேதம் தராசு காட்டுவதைவிடப் பெரிது.

மலைப்பூண்டின் மதிப்பு பருமனோடு முடிவதில்லை. கெடாமல் இருப்பதில்தான் அதன் பெயர் நிற்கிறது. அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது? பூண்டைச் சுற்றியிருக்கும் காகிதம் போன்ற தோல் தனி உறுப்பு அல்ல. மேலே நின்ற ஒவ்வொரு இலையின் அடிப்பகுதிதான் காய்ந்து ஒரு சுற்றுத் தோலாகிறது. எத்தனை நல்ல இலை உயிரோடு நின்றதோ அத்தனை சுற்றுப் பாதுகாப்பு. களைக்கு நடுவே நெருக்குண்டு இலை குறைந்த செடியிலும், கீழ் இலைகள் சீக்கிரம் பழுத்து உதிர்ந்த செடியிலும் தோல் மெலிந்து பல் வெளியே தெரியும். ஈரம் உள்ளே இறங்கவும், பூஞ்சை நுழையவும், பல் வற்றிச் சருகாகவும் அதுவே வழி.

களை அடர்ந்த பாத்தியில் காற்று ஓடாது. மேல்மலையின் பனியும் தூறலும் இலைக் கழுத்தில் தங்கி நிற்கும். ஊதாப் புள்ளி நோயும் இலைக் கருகலும் பரவ ஏற்ற சூழல் அது. ஆக, களை நேரடியாகச் சத்தைப் பிடுங்குவதோடு, நோய்க்கு இடம் கொடுத்து மறைமுகமாகவும் கெடுக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். காலம் தவறிக் களை எடுப்பதும் தரத்தைக் கெடுக்கும். கிழங்கு திரண்ட பிறகு கொத்தினால் கழுத்தில் காயம் படும். அந்தப் பூண்டு சேமிப்பில் நிற்காது என்று சாகுபடிக் குறிப்புகள் எச்சரிக்கின்றன. இரண்டாம் மாதத்தில் விட்ட களையை மூன்றாம் மாதக் கடைசியில் கொத்தி எடுக்கும் உழவருக்கு இரட்டை நஷ்டம். களை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது திரும்ப வராது. கொத்தின் காயமும் சேர்ந்துகொள்ளும்.

காரத்துக்கு வருவோம். பூண்டுப் பல்லுக்குள் அல்லின் என்ற கந்தகச் சேர்மம் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. நம் மூக்கில் ஏறும் அந்தக் காட்டம் அதுதான். 1944இல் கவலிட்டோவும் பெய்லியும் அமெரிக்காவில் இதைத் தனியே பிரித்தெடுத்து, கிருமிகளைத் தடுக்கும் அதன் ஆற்றலைக் காட்டினார்கள். இந்தக் கந்தகச் சரக்கு இலைகளிலும் உருவாகி, பிறகு கிழங்குக்கு இறங்கிச் சேர்கிறது. மூலப்பொருள் மண்ணிலுள்ள சல்பேட்டும் நைட்ரஜனும். மேல் ஓரடி மண்ணில் களை பங்கு கேட்பது இவற்றைத்தான்.

‘நெருக்கடியில் வளர்ந்த செடிக்குக் காரமும் மணமும் கூடும்’ என்ற நம்பிக்கை மூலிகை வளர்ப்பவர்களிடையே உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. பல நறுமணச் செடிகளில் மிதமான நீர்த்தட்டுப்பாடு எண்ணெயின் அடர்த்தியைக் கூட்டுவதுண்டு. ஆனால் செடியே சிறுத்துப்போவதால் மொத்தமாகக் கிடைக்கும் எண்ணெய் பெரும்பாலும் குறைகிறது. களையால் வரும் நெருக்கடி நீர்த்தட்டுப்பாடு போல ஒற்றைக் காரணம் கொண்டதும் அல்ல. ஒளி, நைட்ரஜன், கந்தகம், காற்றோட்டம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அது பறிக்கிறது. கட்டுப்படுத்தி அளவோடு தரும் வாட்டத்தையும் கட்டுக்கடங்காத களையையும் ஒன்றாக எண்ணி, பாத்தியைக் கவனிக்காமல் விடுவதற்கு அறிவியல் துணை நிற்காது.

வந்து குடியேறியவை

இந்தப் பாத்திகளின் களைகளில் பல, இந்த மலைக்குச் சொந்தமானவை அல்ல. இயேசு சபைத் துறவியும் தாவரவியலாளருமான கே. எம். மேத்யூ, கொடைக்கானலின் அயல்நாட்டுத் தாவரங்களைப் பற்றி மட்டுமே 1969இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். பின்னர் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்திலிருந்து உழைத்து, பழனி மலைத் தாவரங்கள் குறித்த பெருநூலை 1999இல் கொண்டுவந்தார். அயல் செடிகளுக்கு என்றே தனி ஆய்வு தேவைப்பட்டது என்பதே, 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மலையேறிய தோட்டப் பிரியர்களோடும் காய்கறி விதைகளோடும் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதைக் காட்டுகிறது.

இரண்டை மட்டும் அருகில் பார்ப்போம். முதலாவது கலின்சோகா: ஒரு குண்டூசித் தலையளவு மஞ்சள் நடுவம், சுற்றிலும் நுனி பிளந்த ஐந்து வெள்ளை இதழ்கள். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் பகுதிச் செடி. 1796இல் லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி உலகைச் சுற்றிவந்தது. முளைத்த சில வாரங்களிலேயே பூத்து, ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். ஒரு பூண்டுப் பயிர் முடிவதற்குள் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை வந்துவிடும். பூப்பதற்கு முன் எடுத்தால் எளிது. பூத்த பின் எடுத்தால் அடுத்த பருவத்துக்கு நாமே விதைத்தது போல.

இரண்டாவது ஆக்சாலிஸ் லாட்டிபோலியா. நம் புளியாரையின் உறவு. அகன்ற மூன்று இலை, இளஞ்சிவப்புப் பூ. பார்க்க அழகு. இழுத்தால் இலைக்காம்பு மட்டும் கையோடு வரும். விரலை மண்ணுக்குள் விட்டுத் தோண்டினால் பனிக்கட்டி போல் ஒளி ஊடுருவும் சின்ன முள்ளங்கி வேர் ஒன்றும், அதன் தலையில் ஒரு குமிழும், அதைச் சுற்றி நூலிழைகளின் நுனியில் மிளகளவு குட்டிக் குமிழ்களும் இருக்கும். கொத்து பட்டால் அந்தக் குட்டிக் குமிழ்கள் சிதறி, பாத்தி முழுதும் நட்டது போலாகிவிடும். பூண்டு எப்படி விதையின்றிக் குமிழால் பெருகுகிறதோ அப்படியே இதுவும். இங்கே களைக்கொத்து கூட்டாளி அல்ல, பரப்பும் கருவி. எந்தக் களை எந்த முறைக்கு அடங்கும் என்ற அறிவு இல்லாமல் ‘இரண்டு களை எடு’ என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரை போதாது என்பதற்கு இந்தச் செடி சாட்சி.

இலையை அறுக்கும்போது

பூண்டு மண்ணுக்குள் விளைகிறது. அறுவடையில் களை தானாகவே பிரிந்துவிடும். இலைக்காக வளர்க்கும் மூலிகைகளில் நிலைமை வேறு. மலைகளில் பயிரிடப்படும் ரோஸ்மேரி, தைம் போன்றவற்றிலும், நீலகிரி, ஏற்காடு, பழனி மலைகளில் மண எண்ணெய்க்காக வளர்க்கப்பட்டு வந்த ஜெரானியத்திலும் அரிவாள் போகும் இடத்தில் களையும் சேர்ந்தே அறுபடும். இந்தச் செடிகளின் எண்ணெய் இலைப்பரப்பின் நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. நிழலில் வளர்ந்த இலை மெலிந்து நீண்டுபோனால், அறுத்த எடையில் தண்டு மிகுந்து சுரப்பி குறையும். எண்ணெய் வடிக்கும் வாலையில் ஏற்றும் கட்டில் அயல்செடி கலந்திருந்தால் நீராவி பாகுபாடு பார்க்காது. அதன் எண்ணெயும் கலந்து வரும். புதினா எண்ணெயின் நிறத்தையும் மணத்தையும் களைகள் கெடுப்பது உலகின் புதினா விவசாயிகள் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை.

இதைவிடக் கவலைக்குரியது நஞ்சு. தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்ற நம் ஊர்ப் பூண்டுகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற நஞ்சுகள் உண்டு. இவை கல்லீரலைத் தாக்கும். 1970களில் இன்றைய சத்தீஸ்கரின் சர்குஜா பகுதியில் மக்கள் வயிறு வீங்கிக் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். சாமையோடு கலந்துபோன கிலுகிலுப்பை இனத்தின் விதைகளே காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். வயலில் எடுக்காமல் விட்ட களை உணவுத் தட்டுக்கு வந்த கதை அது. இன்று ஐரோப்பிய ஒன்றியம் உலர்ந்த மூலிகைகளில் இந்த நஞ்சுக்கு உச்சவரம்பு விதித்திருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதிப்படி, பெரும்பாலான உலர் மூலிகைகளில் கிலோவுக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு கிலோவில் அரை மில்லிகிராம்கூட இல்லை. இந்த அளவை மீற, ஒரு பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற களை போதும்.

அறுக்கும்போது பிரித்துவிட்டால் தப்பிக்கலாமா என்றால், அதற்கும் முழு உறுதி இல்லை. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டிர்க் செல்மார் குழுவினர், நஞ்சுள்ள களையின் சருகை மண்ணில் போட்டு, அதில் புதினா, சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த கெமோமில், பார்ஸ்லி போன்றவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். களை அழுகி மண்ணில் விட்ட நஞ்சை மூலிகைகள் வேர்வழி உறிஞ்சித் தம் இலையில் வைத்துக்கொண்டன. பிடுங்கிய களையை அதே பாத்தியில் மூடாக்காகப் பரப்புவது பொதுவாக நல்ல வழக்கம். ஆனால் மருந்துப் பயிரில் எந்தக் களையைப் பரப்புகிறோம் என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். மருந்துக்கு வளர்க்கும் செடியில் தூய்மை என்பது கடைசியில் சலித்து எடுக்கும் வேலை அல்ல. அது வயலிலேயே தொடங்குகிறது.

என்ன செய்யலாம்

களைக்கொல்லி எளிய விடையாகத் தோன்றும். பெண்டிமெத்தலின் போன்ற, முளைப்பதற்கு முன் தெளிக்கும் மருந்துகள் சமவெளிப் பூண்டில் பயன்படுகின்றன. மலையில் இரண்டு சிக்கல். மேல்மலை மண் மக்கு மிகுந்தது. இந்த மருந்து மக்கில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது. அதனால் அதே அளவு தெளித்தாலும் வேலை குறையும். அளவைக் கூட்டத் தோன்றும். குளிர்ந்த மண்ணில் மருந்து சிதைவதும் மெதுவாகவே நடக்கும். சரிவில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்குகிறது. அந்த ஓடைகள் கீழே பழனி, பெரியகுளம் பக்கத்து அணைகளுக்கும் அமராவதிக்கும் போகின்றன. கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று இந்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்படுத்தியது. மருந்துக் குணத்தைச் சொல்லி விற்கும் பொருளில் மருந்தடித்த எச்சம் இருந்தால், வாங்குபவரிடம் என்ன பதில் சொல்வது?

வேறு வழிகள் உண்டு. பாத்தி தயாரித்து இரண்டு மூன்று வாரம் சும்மா விட்டு, முதல் களைக் கூட்டத்தை முளைக்கவைத்து, மேலாகச் சீவிவிட்டு அதன் பிறகு பூண்டு ஊன்றுவது ஒன்று. கலின்சோகா போல மேல்மண்ணிலிருந்து முளைக்கும் விதைக் களைகளுக்கு இது நன்றாகப் பலிக்கும். ஆழக் கொத்தினால் பலன் கெடும். அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்துவிடும். எருவைக் கவனிப்பது இன்னொன்று. குதிரைச் சாணமும் ஆட்டுப்புழுக்கையும் பச்சையாக வந்தால், அவை மேய்ந்த களைகளின் விதையும் கூடவே வரும். குவியல் உள்சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பல நாள் நின்றால்தான் பெரும்பாலான விதைகள் சாகும். மலைக்குளிரில் சின்னக் குவியல் சூடேறாது. நாலைந்து வீட்டார் சேர்ந்து பெரிதாகப் போட்டு, மூடி, புரட்டிவிட வேண்டும். மூன்றாவது, படிவயலின் கரைகள். காற்றில் பறக்கும் விதையுடைய களைகளுக்கு அந்தக் கரைகளே நாற்றங்கால். பூக்கும் முன் அறுத்துவிட்டால் பாத்திக்குள் வேலை பாதியாகும். நான்காவது, பயிர்மாற்றம். தரையை மூடும் உருளைக்கிழங்குக்கும் பட்டாணிக்கும் பின் வரும் பூண்டுக்குக் களை குறையும். ஆக்சாலிஸ் இருக்கும் பாத்தியில் மட்டும் கிழங்குப் பயிரைத் தவிர்ப்பது நல்லது; கிழங்கு தோண்டுவதே அதை நட்டுவிடுவதாகும்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகும் விரல்களின் வேலை மிஞ்சும். அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவருகிறது. கூலி மிச்சம் பிடிக்க முதலில் தள்ளிப்போடப்படுவது இரண்டாம் களை. களை எடுக்கும் கூலியைச் செலவுக் கணக்கில் மட்டும் எழுதுவதால் வரும் தவறு இது. புவிசார் குறியீட்டின் பெயரால் கூடுதல் விலை கேட்கும் பொருளில், அந்த விலைக்குரிய தரத்தை உண்டாக்கும் உழைப்புக்குக் கூடுதல் பங்கு போக வேண்டும்.

கொடைக்கானலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; கீழ்மலையில் தடியன்குடிசையிலும் ஒன்று உண்டு. இங்கே செய்து பார்க்க வேண்டிய சோதனை எளிமையானது. முழுக் களையெடுப்பு, முதல் அறுபது நாள் மட்டும் களையெடுப்பு, களையே எடுக்காதது என்று மூன்று வகைப் பாத்திகளை மேல்மலை உழவர்களின் வயலிலேயே அமைப்பது. வழக்கமாக எடையை அளந்தவுடன் ஆய்வு முடிந்துவிடும். இங்கே அளக்க வேண்டியது அதற்குப் பிறகுதான்: ஒவ்வொரு பாத்திப் பூண்டிலும் தோல் எத்தனை சுற்று, அல்லிசின் எவ்வளவு, ஆறு மாதம் கழித்துப் பரணில் எத்தனை நல்லதாக இருக்கிறது.

பரணைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பூண்டு விதை போட்டு வருவதில்லை. பல்லை ஊன்றித்தான் வருகிறது. அடுத்த பருவத்துக்கென்று எடுத்துவைத்த பூண்டு, தாளோடு கொத்தாகக் கட்டப்பட்டு, அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்குகிறது. பெரிய பல் ஊன்றினால் பெரிய பூண்டு வரும். சின்னப் பல் ஊன்றினால் சிறுத்ததுதான் வரும். களை மண்டிய ஆண்டில் பருத்தது கொஞ்சமாகவே இருக்கும். அது கடனை அடைக்கச் சந்தைக்குப் போய்விடும். பரணில் ஏறுவது பொடி. அப்படி ஒரு பருவத்தில் பிடுங்காமல் விட்ட களை, அது மக்கி மண்ணாகிப் போன பிறகும், அடுத்த பருவத்துப் பாத்தியில் சின்னப் பல்லாக இறங்குகிறது. இரண்டாம் மாதத்தில் அந்தக் களையைக் கழுத்தைப் பிடித்து எடுத்த விரல்கள் காப்பாற்றியது அந்த ஆண்டின் விளைச்சலை மட்டுமல்ல. பரணில் தொங்கும் கொத்தையும், அதிலிருந்து வரப்போகும் பயிரையும் சேர்த்துத்தான்.